தம் நாடகத்தைக் காணாத நாடகாசிரியர்

தாம் இயற்றிய நாடகம் அரங்கேறக் கண்டு களித்தல் நாடகாசிரியர் எவர்க்கும் பெரும்பேறாகும். அப்பேறு வாய்க்கப்பெறாது மறைந்தவர் யூத நாடகாசிரியராகிய எஸ். அன்ஸ்கி. அவர் இயற்றிய 'திபுக்' என்னும் நாடகமே அவர் பெயரை உலகறியச் செய்தது. அந்நாடகம் பிறந்த வரலாறு கற்றோர் யாவரும் சிந்தித்தற்குரியது.

அன்ஸ்கி என்பது புனைபெயர். ராப்போபோர்ட் என்பது குடிப்பெயர். 1863 ஆம் ஆண்டில் ருஷ்யப் பேரரசிலே பிறந்த அவர், இன்று பெலாரஸ் நாட்டிலுள்ள வித்தெப்ஸ்க் நகரில் வளர்ந்தார். இளமையிற் சமய நூல்களைக் கற்றாராயினும், பின்னர் முன்னோர் ஆசாரங்களை ஒதுக்கி, ருஷ்ய மொழி பயின்று அம்மொழியில் எழுதலானார். ஏழைகளுக்கு உழைத்தலே தம் கடனெனக் கொண்டு சுரங்கத் தொழிலாளரிடையே வாழ்ந்தார். அதன்பின் பாரிஸ் சென்று, ருஷ்யப் புரட்சிச் சிந்தனையாளர் பியோத்தர் லாவ்ரொவ் 1900 இல் இறக்கும்வரை அவருக்குச் செயலாளராயிருந்தார். பிறர் துயரைத் தம் துயராகக் கொண்ட இவர், தம் இனத்தாரின் பழைய வாழ்வினின்றும் நெடுங்காலம் விலகியே நின்றார்.

1905 ஆம் ஆண்டின் இறுதியில் தாயகம் திரும்பியபோது அவர் உள்ளம் மாறியிருந்தது. சிற்றூர் யூதரின் வாழ்க்கை விரைந்து மறைவதை அவர் உணர்ந்தார். இளைஞர் பெருநகரங்களுக்கும் அமெரிக்காவுக்கும் பெயர்ந்தனர்; கதை சொல்லும் முதியோர் ஒருவர்பின் ஒருவராய் மறைந்தனர். ஆகவே, 1912 முதல் 1914 வரை, இன்றைய உக்ரேனிலுள்ள வொலீனியா, பொடோலியா பகுதிகளில் ஏறத்தாழ 70 ஊர்களுக்கு ஒரு குழுவினருடன் சென்றார். கதைகளையும் நம்பிக்கைகளையும் எழுதிக்கொண்டனர், பாடல்களை மெழுகு உருளைகளிற் பதிந்தனர், ஒளிப்படங்களும் எடுத்தனர். முதலாம் உலகப் போர் அப்பணியை இடைநிறுத்தியது.

அவ்வாறு திரட்டிய செல்வமே 'திபுக்' நாடகத்திற்கு உரமாயிற்று. உயிருள்ளவர் உடலைப் பற்றிக்கொள்ளும் இறந்தவர் ஆவியையே அச்சொல் குறிக்கும். நண்பர் இருவர், தமக்குப் பிறக்கும் மக்களை மணம் செய்விப்பதென வாக்களிக்கின்றனர். ஒருவர் இறந்துவிட, மற்றவர் செல்வந்தராகி, அவ்வாக்கை மறந்து, தம் மகள் லேயாவுக்கு வேறொரு செல்வர் வீட்டு மணமகனைத் தேடுகின்றார். அவளையே நினைந்துருகிய ஏழை மாணவன் கானான் உயிர் துறக்கின்றான்; மணநாளன்று அவன் ஆவி அவளைப் பற்றுகின்றது. இறந்த தந்தையையே வழக்காளியாக அழைத்து, சமயகுரு நீதி விசாரணை நடத்துங் காட்சி நெஞ்சை உலுக்குவது. ஆவி அகற்றப்பட்டும், லேயா இறுதியிற் கானானையே சென்று சேர்கின்றாள்.

மொஸ்கோக் கலை அரங்கை நிறுவியோருள் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இந்நாடகத்தில் ஆர்வங் காட்டியும், அங்கு அது மேடையேறவில்லை. புரட்சிக்குப்பின் அன்ஸ்கி ருஷ்யாவை விட்டகன்று, 1920 நவம்பர் 8 ஆந் திகதி வார்சோவுக்கு அண்மையில் உயிர்நீத்தார். முப்பது நாள் துக்கங் கழிந்ததும், டிசெம்பர் 9 ஆந் திகதி, வில்னா நாடகக் குழுவினர் அதனை யித்திஷ் மொழியில் வார்சோவில் அரங்கேற்றினர். கவிஞர் பியாலிக்கின் எபிரேய மொழிபெயர்ப்பை, வக்தாங்கொவின் நெறியாள்கையில், ஹபிமா குழுவினர் 1922 இல் மொஸ்கோவில் நடித்தனர். 1937 இற் போலந்திலே அது யித்திஷ் திரைப்படமாகவும் வெளிவந்தது.

அப்படம் வெளிவந்து ஒரு பத்தாண்டு கழியுமுன்னரே, அவர் நடந்து திரிந்த ஊர்களின் யூத மக்கள் நாட்ஸிகளாற் கொன்றொழிக்கப்பட்டனர். பாடியோர் மாண்டனர், அவர்தம் குரல் மாத்திரம் கீயெவ் நகரிற் பேணப்படும் உருளைகளில் எஞ்சியுள்ளது. அவ்வுருளைகள் அடங்கிய தொகுப்பினை, 2005 இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

இறந்தோர்க்குக் கொடுத்த வாக்கு உயிரோடிருப்போரை விடாது தொடரும் என்பதே அந்நாடகத்தின் உட்பொருள். தாம் ஒருகால் ஒதுக்கிய முன்னோர்க்கு அன்ஸ்கி தம் கடனைத் தீர்த்தார். அதுவும் காலம் கடக்குமுன் தீர்த்தார். கல்வியினால் உயர்ந்து தம் ஊரைவிட்டு நெடுந்தூரம் செல்வோர், முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டிய காலம் அவர்கள் உயிரோடிருக்குங் காலமேயாம்.