மூச்சும் உறக்கமும்

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தை அடுத்து, கம்மாபுரம் என்னும் ஊர் உளது. அதன் அருகே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் பரந்து கிடக்கின்றன. 1957ஆம் ஆண்டில் அங்கு மண்ணை அகழத் தொடங்கினர். 1961ஆம் ஆண்டில்தான் நிலக்கரியைக் கண்டனர். அப்பணியில் ஏற்பட்ட பெருந்தடைகளுள் ஒன்று நிலத்தடி நீர். நிலக்கரிப் படுகையின் அடியில் உள்ள நீர் மிக்க அழுத்தத்துடன் மேல்நோக்கி உந்திக்கொண்டேயிருக்கும். அதனை இரவும் பகலும் இடைவிடாது இறைத்தல் வேண்டும். இறைத்தல் நின்றால், சுரங்கத்திற்குக் கேடு நேரும்.

நம் உடம்பிலும் இவ்வாறு நில்லாமல் நடைபெற வேண்டிய பணி ஒன்று உண்டு. அதுவே மூச்சு விடுதல். ஓய்ந்திருக்கும்போது வளர்ந்த மனிதர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். நாம் உறங்கினும் மூச்சு உறங்குவதில்லை. எனினும், சிலருக்கு உறக்கத்திலேயே மூச்சு அடிக்கடி தடைப்படுகிறது. அஃது ஏன் நேர்கிறது என்பதை அறியுமுன், மூச்சின் தலைவாயிலாகிய மூக்கினைப் பற்றிச் சிறிது அறிதல் நலம்.

மூக்கு, காற்று செல்லும் வெறுங்குழாய் அன்று. அது காற்றில் உள்ள தூசியைத் தடுக்கிறது. குளிர்ந்த காற்றை வெதுவெதுப்பாக்குகிறது. வறண்ட காற்றுக்கு ஈரம் தருகிறது. மூக்கினைச் சூழ்ந்து, நெற்றியிலும், கன்னங்களிலும், கண்களுக்கு இடையிலும், மூக்கின் பின்னே மண்டையோட்டின் உட்புறத்திலும் காற்றறைகள் உள்ளன. இவற்றையே மருத்துவர் சைனஸ் என்பர். இத்தாலிய ஓவியராகிய லியனார்டோ டா வின்சி, 1489ஆம் ஆண்டளவில் மண்டையோட்டைப் பிளந்து பார்த்துக் கன்னத்துக் காற்றறையை வரைந்துள்ளார்.

இவ்வறைகளில் மெல்லிய சளி ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் அதனைச் சிறு துளைகளின் வழியே மூக்கிற்குள் தள்ளுகின்றன. கன்னத்து அறையின் துளையோ அடியில் இல்லை. சுவரின் மேற்பகுதியில் உள்ளது. ஆதலின், நாம் நிமிர்ந்திருக்கும்போது சளி தானே வடிந்துவிடாது. நுண்மயிர்களே அதனை மேலே ஏற்ற வேண்டும். சளி பிடித்தாலும், தூசியோ புகையோ ஒவ்வாமற் போனாலும், மூக்கின் உட்தோல் வீங்கித் துளைகள் அடைபடும். சளி தேங்கும், அதில் நோய்க்கிருமிகள் பெருகும். அப்போது மூக்கடைப்பும், கன்னத்திலும் நெற்றியிலும் வலியும், குனிந்தால் தலைப்பாரமும் தோன்றும். இதனையே மக்கள் ‘சைனஸ் தொல்லை’ என்கின்றனர். சித்த மருத்துவத்தில் பீனிசம் என்பர். இது பெரும்பாலும் சில நாள்களில் தணியும். பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பின், நாட்பட்ட நோயாகக் கொள்வர்.

மூக்கு அடைபட்டவர் வாயால் மூச்சு விடுவர். இரவில் குறட்டையும் மிகும். மூக்கடைப்பு மட்டுமே உறக்கத்தில் மூச்சை நிறுத்திவிடும் என்று கருதற்க. ஆனால், மூச்சுத்தடை உடையோர்க்கு அஃது இடரை மிகுவிக்கும்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவ்வழி மிகக் குறுகிவிடும். குறுகிய வழியில் காற்று செல்லும்போது எழும் அதிர்ச்சியே குறட்டை. வழி முற்றும் அடைபட்டால், மார்பு எவ்வளவு முயன்றாலும் காற்று உட்புகாது. குறட்டை ஒலி திடீரென நிற்கும். இரத்தத்தில் பிராணவாயு குறையும். உடனே மூளை விழித்து எச்சரிக்கும், உறங்குபவர் திணறி மூச்சை இழுப்பார், மீண்டும் உறங்குவார். காலையில் இவற்றுள் ஒன்றும் அவர் நினைவில் இராது. இதுவே உறக்க மூச்சுத்தடை. பத்து நொடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையே மருத்துவர் ஒரு தடையாகக் கணக்கிடுவர். கடுமையான நோயில் இத்தடை மணிக்கு 30 முறைக்குக் குறையாது நிகழும். ஏழு மணி நேரம் உறங்கினால், 210 முறை உறக்கம் கலைகிறது என்பது பொருள். இஃது எங்ஙனம் ஓய்வாகும்?

இந்நோய் நீடித்தால் இரத்த அழுத்தம் உயரும். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றிற்கு இடம் ஏற்படும். காலையில் தலைவலி, பகலில் உறக்க மயக்கம், மறதி, சினம் ஆகியனவும் தோன்றும். சுரங்கங்களில் ‘ஷிப்டு’ என வழங்கும் வேலைமுறைப்படி இரவிலும் பணிபுரிவோர் உளர். பகலில் உறங்க வேண்டிய அவர்களுக்கு உறக்கம் எளிதில் குறையும். மூச்சுத்தடையும் சேர்ந்தால் என்னாகும்? பெரும் பொறியை இயக்குபவரோ பேருந்தை ஓட்டுபவரோ ஒரு நொடி கண்ணயர்ந்தாலும், பிறர் உயிருக்கும் இடர் நேரும்.

சிறுவர்க்கும் இந்நோய் வரும். தொண்டையில் உள்ள டான்சில்களும், மூக்கின் பின்புறத்துச் சதையும் பெருத்திருத்தலே பெரும்பாலும் காரணம். அத்தகைய சிறுவன் வகுப்பில் தூங்கி விழுவான். பாடம் மனத்தில் பதியாது. அவனைச் சோம்பன் என்று இகழ்கின்றோம். உண்மையில் அவன் இரவெல்லாம் மூச்சுக்குப் போராடியவன்.

நெய்வேலி நிறுவனம் தோன்றிய அதே 1956ஆம் ஆண்டில், அமெரிக்க மருத்துவர் சிலர், மிகப் பருத்துப் பகலெல்லாம் உறங்கி விழுந்த ஒருவரைப் பற்றி எழுதினர். சார்லஸ் டிக்கன்ஸ் தம் கதையொன்றில் படைத்த, எப்போதும் தூங்கும் பருத்த சிறுவனை நினைந்து, அந்நோய்க்கு அக்கதையின் பெயரையே சூட்டினர். 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆராய்ந்தோர் உறக்கத்தில் மூச்சு நிற்பதைக் கருவிகளால் பதிவு செய்தனர். 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், முகமூடி வழியே காற்றைச் சீரான அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் அதுவே சிறந்த மருத்துவமாக விளங்குகிறது.

நாம் செய்யத்தக்கன யாவை? உடற்பருமனைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், புகையும் மதுவும் விலக்கல் ஆகியன நலம் தரும். மூக்கில் விடும் அடைப்பு நீக்கி மருந்தை நெடுநாள் பயன்படுத்தலாகாது. அதுவே அடைப்பை மிகுவிக்கும். கண்ணைச் சுற்றி வீக்கமோ, பார்வைக் குறைவோ, கடுங்காய்ச்சலோ தோன்றினால் காலந்தாழ்த்தாது மருத்துவரை அடைதல் வேண்டும்.

மாணவர்களே! குறட்டையை நல்லுறக்கத்தின் அறிகுறி என்று கருதி நகைப்பது நம் வழக்கம். இனி அவ்வாறு செய்யற்க. உறங்குபவர் தம் மூச்சு நிற்பதைத் தாமே அறியார். அருகில் விழித்திருப்போரே அதனை அறிவர். உங்கள் தந்தையோ, தாயோ, தம்பியோ உரத்த குறட்டையின் இடையே மூச்சு நின்று திணறுவதைக் கண்டால், மறுநாளே அதனை அவர்க்கு எடுத்துரைத்து, மருத்துவரிடம் செல்லத் தூண்டுங்கள். நீங்கள் சொல்லும் அச்சிறு சொல் ஓர் உயிரைக் காப்பதாகலாம்.