கிடாரிக் கன்றுக்கு டானிக்கா, தாது உப்பா?

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களில் ஒரு பசுவும் ஒரு கிடாரியும் நிற்கும் தொழுவங்கள் இன்றும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடையில் கிடைக்கும் வைக்கோலும், நெல்லாலைத் தவிடுமே பெரும்பாலும் இவற்றின் தீவனம். கன்று மெலிந்து, குளம்பு வெடித்து, பருவத்துக்கு வராமல் நிற்கும்போது பலர் டானிக் வாங்குகின்றனர். எந்தச் சத்து குறைகிறது என்று அறியாமல் வாங்கினால் பணம் வீண். ஒன்றரை வயதில் சினைப்படுத்த வேண்டிய கலப்பினக் கிடாரி மேலும் ஓராண்டு சும்மா நின்று தின்னும்.

வைக்கோலிலும் தவிட்டிலும் குறைவது எது?

வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதமே உள்ளது. வைட்டமின் 'ஏ' சத்து அநேகமாக இல்லை. அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. தவிட்டிலோ சுண்ணாம்புச் சத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேலாக மணிச்சத்து இருக்கிறது. வளரும் கன்றுக்கு ஒரு பங்கு மணிச்சத்துக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஆகவே வைக்கோலும் தவிடும் மட்டும் தின்னும் கன்றுக்கு வயிறு நிறைந்தாலும் எலும்பு வலுப்பதில்லை.

ஐரோப்பாவில் முற்காலத்தில் மாவு ஆலைக்காரர்கள் மிஞ்சிய தவிட்டைக் குதிரைகளுக்கு ஏராளமாகப் போட்டனர். அவற்றின் தாடை எலும்பு மென்மையாகி முகம் வீங்கியது, கால் நொண்டியது. இதற்குத் 'தவிட்டு நோய்' என்றே பெயர் வந்தது. சுண்ணாம்புச் சத்து போதாதபோது உடல் அதை எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மாட்டுக்குக் குதிரையைப் போல் முகம் வீங்குவது அரிது. ஆனால் வளர்ச்சி குன்றும்.

என்ன கொடுக்கலாம்?

1. முதலில் குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும். புழு இருக்கும்வரை எந்தச் சத்தும் முழுப் பலன் தராது.

2. தினமும் 2 முதல் 3 கிலோ அகத்தி, முருங்கை அல்லது கிளைரிசிடியா தழை கொடுக்கலாம். இவற்றில் சுண்ணாம்புச் சத்து, புரதம், வைட்டமின் 'ஏ' மூன்றும் கிடைக்கும்.

3. தவிட்டைக் குறைத்து, அதற்குப் பதில் அரைக் கிலோ தேங்காய்ப் பிண்ணாக்கோ கடலைப் பிண்ணாக்கோ சேர்க்கலாம்.

4. தாது உப்புக் கலவை, இளங்கன்றுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராமும், வளர்ந்த கிடாரிக்கு 50 கிராமும் தீவனத்தில் கலந்து கொடுக்க வேண்டும். ஒரு முறை தராசில் நிறுத்து, சிரட்டையில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் அளவு தவறாது. ஒரு கிலோ கலவை ஒரு கிடாரிக்கு 20 நாட்கள் வரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பையில் ஐ.எஸ். 1664 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்க்கவும். கறியுப்பு சேர்ந்தது, சேராதது என இரு வகை உண்டு. உப்பு சேராததை வாங்கினால், அடர்தீவனம் கிலோவுக்கு 10 கிராம் கறியுப்பு தனியே கலக்க வேண்டும். குளம்பு உறுதிக்குத் துத்தநாகமும் தாமிரமும் தேவை. அவற்றின் அளவு பையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். குளம்புக்கென்று விற்கும் பயோட்டின் மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. அசைபோடும் கன்றின் வயிற்றில் நுண்ணுயிர்களே அதை உண்டாக்கிக்கொள்கின்றன.

தாமிரம் சேர்ந்த மாட்டுக் கலவையைச் செம்மறி ஆடுகளுக்குக் கொடுக்கக் கூடாது. அவற்றுக்கு அது நஞ்சாகும்.

மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை அறவே ஒதுக்க வேண்டும். அதனால் காது, வால் நுனி, குளம்பு அழுகும் நோய் வரலாம். லாடம் அடிக்காத இளங்கன்று சாணமும் மூத்திரமும் தேங்கிய தரையில் நின்றால் குளம்பு ஊறிப் பழுதாகும். எனவே தரை காய்ந்திருக்க வேண்டும்.

இவ்வாறு இரண்டு, மூன்று மாதங்கள் கொடுத்தும் கன்று தேறாவிட்டால், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சாணத்தையும் இரத்தத்தையும் சோதித்த பின்னரே வேறு மருந்து வாங்குவது நல்லது.