தலைக்காயத்துக்கு உயர் அழுத்த ஆக்சிஜன்: எதிர்பார்ப்பும் ஆதாரமும்

இறுக மூடிய அறைக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டி, நோயாளியைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பதே உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை. ஆழ்கடலிலிருந்து அவசரமாக மேலேறும் முக்குளிப்போரின் ரத்தத்தில் உண்டாகும் வாயுக் குமிழ்கள், கார்பன் மோனாக்சைடு நச்சு, காலில் ஆறாத சர்க்கரைப் புண், கதிரியக்கச் சிகிச்சையால் சிதைந்த திசு ஆகியவற்றுக்கு இது ஏற்கப்பட்ட சிகிச்சை. தலைக்காயம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் விபத்தில் அடிபட்டு நினைவும் பேச்சும் தடுமாறும் ஒருவரைப் பராமரிக்கும் குடும்பங்கள் இன்று அதிகம் விசாரிக்கும் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

தலையில் அடிபட்ட கணத்தோடு மூளையின் சேதம் முடிந்துவிடுவதில்லை. அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும் மூளை வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் குறைகிறது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருக்கும் மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடும் உறுப்பு. அதனால் ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் தவிப்பது அதுதான். முதல் அடியில் தப்பிய செல்களும் இந்த இரண்டாம் கட்டத்தில் மடிகின்றன. சிகிச்சையின் குறி அந்தச் செல்களைக் காப்பாற்றுவதே.

சாதாரணமாக ஆக்சிஜனைச் சுமப்பது ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். ஆரோக்கியமானவரிடம் அது ஏற்கெனவே ஏறக்குறைய முழுமையாக நிரம்பியிருக்கும். அழுத்தத்தைக் கூட்டும்போது, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலேயே ஆக்சிஜன் நேரடியாகக் கரைகிறது. வெளிக்காற்றைச் சுவாசிக்கையில் 100 மில்லி ரத்தத்தில் இப்படிக் கரைந்திருப்பது 0.3 மில்லி மட்டுமே. வளிமண்டலத்தைப் போல் 1.5 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது சுமார் 3 மில்லியாக உயரும். நெதர்லாந்து அறுவை மருத்துவர் போரெமா, சிவப்பணுக்களை ஏறத்தாழ முழுவதும் நீக்கிய பன்றிகளைக்கூட மூன்று மடங்கு அழுத்தத்தில் உயிரோடு வைத்திருக்க முடியும் என்று 1960-இல் காட்டினார்.

சிகிச்சைக்குச் செல்பவர் பருத்தி உடை மட்டுமே அணியலாம். செல்பேசி, செயற்கை இழைத் துணி, தலையில் தேய்த்த எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஒரு பொறியும் பெருந்தீயாகும். அழுத்தம் ஏறும்போது விமானம் இறங்குகையில் போலக் காது அடைக்கும். எச்சில் விழுங்கியோ கொட்டாவி விட்டோ நோயாளி அதைச் சரிசெய்துகொள்வார். நினைவிழந்தவரால் அது முடியாது என்பதால் செவிப்பறையில் சிறு துளையிடுவதும் உண்டு. மூளைக்காய ஆய்வுகளில் ஒரு அமர்வு பெரும்பாலும் 60 நிமிடம். 40 அமர்வுகள் வரை தொடரும்.

ஆதாரங்களைப் பொறுத்தவரை, கடுங்காயம் வேறு, நாட்பட்ட பாதிப்பு வேறு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ராக்ஸ்வோல்ட் குழுவினர் கடுமையான தலைக்காயம் பட்ட 168 பேரிடம் நடத்திய ஆய்வு 1992-இல் வெளியானது. சிகிச்சை பெற்றவர்களில் 17 சதவீதமும் பெறாதவர்களில் 32 சதவீதமும் இறந்தனர். ஆனால் நல்ல நிலைக்குத் திரும்பியவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஏழு ஆய்வுகளை, 571 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது: மரணம் குறையலாம், பிழைத்தவரின் வாழ்க்கை மேம்படுகிறது என்பதற்குச் சான்று போதாது.

நாட்பட்ட பாதிப்பில் நிலைமை இன்னும் குழப்பமானது. 2013-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு, நினைவாற்றலும் கவனமும் மேம்பட்டதாகக் காட்டியது. ஆனால் அதில் ஒப்பிடுவதற்குப் போலிச் சிகிச்சை பெற்ற குழு இல்லை. 72 அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒரு குழு 1.5 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜனும், இன்னொன்று 1.2 மடங்கு அழுத்தத்தில் வெறும் காற்றும் பெற்றது. அறைக்குள் சென்ற இரு குழுவினரின் தொந்தரவுகளும் குறைந்தன. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. லேசான அழுத்தமே பயன் தந்திருக்கலாம் என்பது ஆதரவாளர்களின் வாதம். நம்பிக்கையும் தினசரிக் கவனிப்பும் தந்த தேறுதல் அது என்பது மற்றவர்களின் வாதம். 71 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான மற்றொரு படைவீரர் ஆய்வில், 13 வாரத்தில் தெரிந்த முன்னேற்றம் ஓராண்டுக்குள் மங்கிவிட்டது.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. காதிலும் சைனஸிலும் வலி, தற்காலிகக் கிட்டப்பார்வை, அரிதாக வலிப்பு ஆகியவை ஏற்படலாம். நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்திருப்பவருக்கு, அதைச் சரிசெய்யாமல் இந்தச் சிகிச்சை தரவே கூடாது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அழுத்த அறை ஒன்று தீப்பிடித்து, உள்ளே இருந்த ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மூளைக்காயத்துக்கு இந்தக் கருவிகளை அனுமதிக்கவில்லை.

உடலியல் அடிப்படை வலுவானது. நிரூபணம் இன்னும் முழுமையாகவில்லை. ஆகவே பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, நினைவாற்றல் பயிற்சி ஆகியவற்றை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை இதில் போடுவது சரியல்ல. முயல விரும்பும் குடும்பத்தினர், சிகிச்சை அளிக்கும் நரம்பியல் மருத்துவரின் ஒப்புதலைப் பெற்று, முறையான பாதுகாப்பும் பயிற்சி பெற்ற மருத்துவரும் உள்ள மையத்தை மட்டுமே நாட வேண்டும். கட்டாயம் குணமாகும் என்று உறுதி தரும் இடத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது.