"அண்ணாச்சி, லைட்டு எரியுது!"

2017 சித்திரை வெயிலில் புது பைக் எடுத்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. எதிரே வருகிறவர்கள் எல்லாம் கையைத் தூக்கி, ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரித்துக் காட்டுவார்கள். டீக்கடைப் பெஞ்சிலிருந்து "அண்ணாச்சி, லைட்டு எரியுது!" என்று ஒரு குரல் வரும். சரி, அணைத்துவிடலாம் என்று பெருவிரலை நீட்டினால் அணைக்க ஸ்விட்சே இருக்காது.

அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடத் தொடங்கியதுமே முகப்பு விளக்கும் எரிந்தாக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு இதை வலியுறுத்தியிருந்தது. பழைய வண்டிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் இன்றும் சாலையில் பாதி வண்டி விளக்கோடும் பாதி வண்டி விளக்கில்லாமலும் ஓடுகின்றன.

பட்டப்பகலில் விளக்கு எதற்கு என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமானால், மாலை ஐந்து மணிக்குத் திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மகாதேவியிலிருந்து வீரவநல்லூர்ப் பக்கம் வண்டியை விட வேண்டும். சாலை மேற்கே போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேல் நிற்கும் சூரியன் நேரே கண்ணில் அடிக்கிறது. எதிரே வருகிற பைக்குக்குப் பின்னால் வெளிச்சம். நமக்குத் தெரிவது அதன் நிழல் பக்கம் மட்டுமே. கருப்பு வண்டி, கருப்பு ஹெல்மெட், சாம்பல் நிறச் சட்டை என்றால் தார் ரோட்டோடு ரோடாகிவிடும். காலையில் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இதே பாடு கிழக்கே பார்த்து நடக்கிறது.

மரம் நிற்கும் இடங்களில் வேறு சிக்கல். கிளைக்கு நடுவே விழும் வெயிலும் நிழலும் மாறி மாறி வருவதால் கண் பழகுவதற்குள் அடுத்த நிழல் வந்துவிடுகிறது. நிழலுக்குள் வரும் பைக், வெயிலில் நிற்கிறவரின் பார்வையில் அப்படியே மறைந்துபோகிறது. டிம் லைட் ஒன்று எரிந்தால் போதும், முதலில் அந்தப் புள்ளி தெரியும். பிறகுதான் வண்டி தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் புள்ளியின் மதிப்பு விளங்கும். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி வினாடிக்குச் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. எதிரே வருவதும் அதே வேகம் என்றால் இருவருக்கும் இடையிலான தூரம் வினாடிக்கு 33 மீட்டர் குறைகிறது. வைக்கோல் ஏற்றிய டிராக்டரையோ, களக்காட்டு வாழைத்தார் ஏற்றிய 'குட்டியானை' லோடு வண்டியையோ முந்த வலது பக்கம் ஏறுகிறவருக்கு, எதிர் வண்டி மூன்று வினாடி முன்னதாகத் தெரிந்தால் கையில் இருப்பது 100 மீட்டர். திரும்ப இடது பக்கம் ஒதுங்க அது போதும்.

'நான் பார்க்கவே இல்லை' என்பதுதான் பைக்கை இடித்தவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் வாக்குமூலம். பெரும்பாலும் அது பொய்யும் இல்லை. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கை, காரும் பைக்கும் மோதும் விபத்துகளில் கார்க்காரர் பைக்கைக் கவனிக்காததே முதன்மைக் காரணம் என்றது. பகலில் விளக்கெரிய ஓட்டினால் ஆபத்து குறைகிறது என்பதும் அதன் முடிவுகளில் ஒன்று. இன்னொரு வம்பும் உண்டு. சிறிய பொருள் தொலைவில் இருப்பதாகவே கண் நம்புகிறது. அதனால் ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் வந்தாலும் காரைவிட பைக் தாமதமாக வந்து சேரும் என்று மனம் தப்புக்கணக்குப் போடுகிறது.

பகல் விளக்கைச் சட்டமாக்கியதில் முந்திக்கொண்டவை வெயில் குறைந்த நாடுகள். பின்லாந்து 1972இல் ஊருக்கு வெளியே போகும் குளிர்காலப் பயணத்துக்கும், ஸ்வீடன் 1977இல் எல்லா வாகனங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கின. 'அங்கே இருட்டு, இங்கே என்ன குறை?' என்று கேட்கத் தோன்றும். அதற்கு மலேசியா பதில் சொல்கிறது. நம்மைப் போலவே வெயிலும் பைக் கூட்டமும் நிறைந்த அந்த நாட்டில் 1992 செப்டம்பரில் பைக்குகள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும் என்றார்கள். சிரம்பான், ஷா ஆலம் வட்டாரங்களில் ஆய்வாளர் ரடின் உமர் குழுவினர் ஆராய்ந்தபோது, 'கண்ணில் படாததால்' நேரும் பைக் விபத்துகள் ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்திருந்தன.

கார் விஷயம் கொஞ்சம் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி முதல் புதிய மாடல் கார்களில் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரியாவோ, பகலில் எல்லோரும் விளக்குப் போட வேண்டும் என்று 2005இல் கொண்டுவந்த விதியை 2008இல் கைவிட்டது. எல்லா வண்டியும் மின்னினால் பைக்கின் ஒற்றை விளக்கு கூட்டத்தில் காணாமல் போகும் என்று ஐரோப்பிய பைக் ஓட்டிகளும் குறைசொன்னார்கள். இந்தியாவில் 2017 விதி கார்களைத் தொடவில்லை. அழகுக்காகவும் பாதுகாப்புக்காகவும் கம்பெனிகளே பகல் விளக்காக எல்.இ.டி. கீற்றுகளைப் பொருத்தித் தருகின்றன.

அந்த அழகில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல கார்களில் பகல் விளக்கு முன்பக்கம் மட்டுமே எரியும். பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பொழுது சாயும் நேரத்தில், 'முன்னால்தான் வெளிச்சம் தெரிகிறதே' என்று ஹெட்லைட் ஸ்விட்சைத் தொடாமல் போகிற கார், பின்னால் வருகிறவருக்கு இருட்டோடு இருட்டு.

விளக்கு எரிந்துவிட்டால் விபத்து தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கின்படி 2016இல் இந்தியச் சாலைகளில் இறந்த இருசக்கர வாகனப் பயணிகள் 52,500 பேர். 2022இல் 74,897 பேர். அதே 2022இல் 64,105 விபத்துகளோடு தமிழ்நாடுதான் எண்ணிக்கையில் முதலிடம். வண்டிகளும் பெருகின, வேகமும் கூடியது. குடித்துவிட்டு ஓட்டுவதையும் ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போவதையும் எந்த விளக்கும் தடுக்காது. காணாமல் மோதும் விபத்தில் மட்டுமே விளக்கு உதவும்.

அந்த உதவியையும் வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். மைலேஜ் குறையும், பேட்டரி இறங்கும் என்று மெக்கானிக்கிடம் சொல்லித் தனி ஸ்விட்ச் போட்டுக்கொள்கிறார்கள். ஹாலஜன் பல்பு என்றாலும் பெரும்பாலும் 35 வாட்தான், எல்.இ.டி. என்றால் அதைவிடக் குறைவு. இன்ஜின் ஓடும்போது விளக்குக்கான மின்சாரம் பேட்டரியைக் கரைத்து வருவதில்லை. சின்ன பைக்குகள் பலவற்றில் மிஞ்சும் மின்சாரத்தை ரெகுலேட்டர் சூடாக்கித்தான் வீணடிக்கிறது. அணைத்து வைத்து மிச்சம் பிடிப்பது சில்லறைகூட இல்லை.

2017க்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்குச் செலவே கிடையாது: கிளம்பும்போது லோ பீமைப் போட்டுக்கொண்டால் போதும். ஹை பீம் வேண்டாம், கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. பட்டையும் வேண்டாம், எதிரே வருகிறவரைக் குருடாக்குவதில் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. கார்க்காரர்கள் பொழுது சாய்ந்தாலோ மழை பிடித்தாலோ ஹெட்லைட்டைப் போட்டு, பின் விளக்கும் எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.