அஸீஸ் துரையின் இரண்டாவது விளைச்சல்

பாடசாலைத் தவணை தொடங்கும் வாரம். வரிப்பத்தான்சேனையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தக் காட்சியைக் காணாதவர்கள் குறைவு. பிளாஸ்டிக் கதிரைகள், பின்னால் பேனர், முன்வரிசையில் பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி. ஒரு கொப்பிப் பார்சலை ஆறு கைகள் பிடித்திருக்கின்றன. நடுவில் நிற்கும் சின்னப் பிள்ளை, வாங்குவதா விடுவதா என்று தெரியாமல் முழிக்கிறது. "இன்னொண்டு எடுப்பம், இஞ்ச பாருங்க" என்கிறார் போன் பிடித்திருப்பவர்.

இதைச் செய்யும் இளைஞர்களைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் கட்டாரில் வேலை செய்யும் நண்பனிடம் கேட்டு, கடைக்காரரிடம் கெஞ்சி, தங்கள் சட்டைப் பையிலிருந்தும் போட்டுத்தான் அந்தக் கொப்பிகள் வருகின்றன. அதே பிள்ளை ஆறு வருடம் கழித்து சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியதா, உயர்தரத்துக்குப் போனதா என்று யாராவது விசாரிப்பார்களா என்றால், அது வேறு கதை. அந்த வேறு கதையை இந்தக் கிழக்குக் கரையோரத்தில் முதலில் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர், முப்பது வயதில் கல்முனைக்கு உத்தியோகம் பார்க்க வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ்.

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911 அக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தகப்பன் சட்டத்தரணி. பையன் படித்தது இராமகிருஷ்ண மிஷன் நடத்திய வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும். தேவாரமும் திருக்குறளும் காதில் விழ வளர்ந்த இந்த முஸ்லிம் பிள்ளை, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்து, மேற்படிப்புக்குக் கேம்பிரிட்ஜ் போனது. சிவில் சேவைப் பரீட்சையில் தேறிய செய்தி வந்ததும் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியது. 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவர்தான். அந்தக் காலத்தில் சிவில் சேவை என்றால் கார், பங்களா, வாசலில் சேவகன், பெயருக்குப் பின்னால் 'துரை'. அதற்கு மேல் ஒன்றும் செய்யாமலே அவர் சௌகரியமாக ஓய்வு பெற்றிருக்கலாம்.

1942 அதைக் கெடுத்தது. அந்த மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. இலங்கை உண்ட அரிசியில் பாதிக்கு மேல் கடல் தாண்டி வந்தது. அதில் பெரும்பங்கு பர்மா அரிசி. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரசாங்கத்துக்கு இரண்டு பயம்: எதிரி வருவான், அதற்கு முன் பட்டினி வரும். நெல் விளையும் கிழக்கில், கல்முனையில், அவசர அவசரமாக ஒரு கச்சேரியைத் திறந்து, அதற்கு உதவி அரசாங்க அதிபராக அஸீஸை அனுப்பினார்கள். அப்போது அம்பாறை என்றொரு மாவட்டம் கிடையாது. அது 1961இல்தான் பிரிந்தது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, இறக்காமம் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன.

காடு வெட்டி, முடிக்குரிய காணியைப் பகிர்ந்து கொடுத்து, விளைவிக்க வைப்பதுதான் அவருக்கு இட்ட வேலை. வரிப்பத்தான்சேனை, அட்டாளைச்சேனை என்று இங்கே ஊர்ப் பெயர்களின் வாலில் ஒட்டியிருக்கும் 'சேனை'யே காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்ட நிலத்தைச் சொல்வது. ஆக, காடு வெட்டுவதை இந்த மக்களுக்கு யாரும் வந்து படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. காணியும் கச்சேரியின் ஒத்தாசையும் கிடைத்ததும் நெல் விளைந்தது. கல்முனைப் பகுதியில் ஒரு வயற்கண்டத்துக்கு மக்கள் 'அஸீஸ் துரைக் கண்டம்' என்றே பெயர் வைத்தார்கள்.

அதிகாரி ஒருவரின் பதவிக் குறிப்பில் இதுவே போதும். அஸீஸ் இன்னொன்றையும் கண்டார்.

களத்தில் சூடு மிதித்து, தூற்றி, அவணம் அவணமாக அளக்கும்போது ஏழைக்கும் பங்கு ஒதுங்கும். மழை நீரில் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவழித்து நீர் பாய்ச்சினால் இருபதில் ஒன்று என்ற ஸகாத் கணக்கு எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் மனப்பாடம். கந்தூரிக்குக் கொடுப்பார்கள், பள்ளிவாசலுக்குக் கொடுப்பார்கள், வாசலில் வந்து நிற்பவருக்கு மரைக்காலில் அள்ளிப் போடுவார்கள். கொடைக்குக் குறைவில்லாத ஊர்கள். ஆனால் வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் வீட்டில்கூட ஆங்கிலம் படித்த பிள்ளையைத் தேட வேண்டும். கெட்டிக்காரப் பையன் ஒருவன் தட்டுப்பட்டாலும், அவனை வெளியூருக்கு அனுப்பிப் படிப்பிக்கும் வழக்கமோ அதற்கென்று ஒரு காசுப் பெட்டியோ கிடையாது. 1942 ஜூலையில் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் திறந்தது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போய் அங்கே ரயில் ஏறினால் போய்ச் சேரலாம். ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை.

அந்த வருடமே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கியது. ஊர்ப் பெரியவர்களையும் தனவந்தர்களையும் உட்கார வைத்து, கொடுக்கிற கையைக் கொஞ்சம் பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்பும் முயற்சி அது. அந்நாட்களில் அஸீஸுக்கு வாய்த்த துணைகளில் ஒருவர் பக்கத்து ஊரான காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தர். காவியுடுத்த துறவியும் முஸ்லிம் துரையும் கல்வியைப் பற்றிப் பேசி நண்பர்களான கரை இது. இங்கே எல்லைச் சண்டை பேசுகிறவர்கள் இதையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

கல்முனையில் அஸீஸ் இரண்டு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை, இடமாற்றம் வந்தது. உத்தியோகத்தர் மாறிப் போனால் அவர் தொடங்கிய சங்கமும் பெட்டி கட்டிவிடும் என்பது நம் ஊர்களில் எழுதாத விதி. அஸீஸ் பெட்டியைக் கட்டினார், யோசனையைக் கட்டிவைக்கவில்லை. கல்முனையில் ஊர் அளவில் செய்ததை நாட்டளவில் செய்ய, 1945 மே மாதம் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் உருவானது. திகதியைக் கவனிக்க வேண்டும். கல்வி அமைச்சர் கன்னங்கரவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது அதே வருடம் அக்டோபரில். கல்விதான் இலவசமாகிவிடப் போகிறதே, பிறகென்ன நிதி என்று கேட்கத் தோன்றும். சம்மாந்துறையிலிருந்து கொழும்புக்குப் போகும் பையனுக்கு வகுப்புக் கட்டணம் ஒரு சிறு பகுதிதான். விடுதிக் காசு, சாப்பாடு, புத்தகம், ரயில், அவன் வயலில் இறங்கி உழைக்காததால் வீட்டுக்கு வரும் நட்டம், இவையெல்லாம் எந்தச் சட்டத்தாலும் இலவசமாகவில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் போக முடியாது. பேருவளை மாணிக்க வியாபாரி நளீம் ஹாஜியார் 1973இல் ஜாமிஆ நளீமிய்யா கலாபீடத்தை நிறுவினார். தன் செல்வத்தை அள்ளிக் கொடுத்த பெருங்கொடை அது. அஸீஸ் சம்பளக்காரர். அவரிடம் அள்ளிக் கொடுக்க ஒன்றும் இல்லை. பிறரைக் கொடுக்க வைப்பதும், கொடுத்ததற்குக் கணக்கு வைப்பதும், நிறுவியவர் விலகினாலும் நிற்கும்படி சட்ட அந்தஸ்து எடுப்பதும்தான் அவருடைய கொடை. இரண்டில் பின்னதுதான் கடினம் என்று தோன்றுகிறது. இருக்கிற பணத்தைக் கொடுக்க ஒரு நல்ல மனது போதும். மற்றவர் பணத்துக்குப் பொறுப்பாக இருக்க மனதோடு ஒரு பேரேடும் வேண்டும்.

1948இல் அவர் எடுத்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. டீ.பி. ஜாயாவுக்குப் பிறகு கொழும்பு ஸாஹிறாக் கல்லூரிக்கு அதிபர் தேவைப்பட்டபோது, சிவில் சேவையை உதறிவிட்டு அந்தக் கதிரையில் போய் அமர்ந்தார். வயது முப்பத்தாறு. 1961 வரை பதின்மூன்று வருடம். கிழக்கிலிருந்து பெட்டியோடு வந்திறங்கிய பிள்ளைகள் ஸாஹிறா விடுதியில் தங்கிப் படித்தார்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அவர் கதவைச் சாத்தவும் இல்லை. பின்னாளில் தமிழ்த் திறனாய்வின் பெரும் பெயராக விளங்கிய பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அந்த ஸாஹிறாவின் மாணவர்.

படிப்பை முடித்த இளைஞன் பிறகு என்ன செய்வான்? இதற்கு அஸீஸ் கண்ட விடை 1950இல் தொடங்கிய வை.எம்.எம்.ஏ., அதாவது முஸ்லிம் வாலிபர் சங்கம். வடிவம் புதிதல்ல. 1844இல் லண்டன் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்த ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் தொடங்கியது வை.எம்.சி.ஏ. அதைப் பார்த்துக் கொழும்பில் பௌத்தர்கள் 1898இல் வை.எம்.பி.ஏ.யை அமைத்தார்கள். நல்ல யோசனை யாருடையது என்று பார்த்து அஸீஸ் தயங்கவில்லை. கூட்டம் கூட்ட, தீர்மானம் எழுத, கணக்கு வாசிக்க, எதிர்க்கருத்தைப் பொறுமையாகக் கேட்க ஊர் ஊராக இளைஞர்கள் பழகியது இப்படியான கிளைகளில்தான். தலைமைப் பயிற்சி என்று இன்று ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் நடத்திச் சான்றிதழ் கொடுப்பதை, அந்தக் கிளைகள் மாதாந்தக் கூட்ட அறிக்கைக்குள் வைத்திருந்தன.

1952இல் அஸீஸ் செனட்டரானார். நான்கு வருடம் கழித்து அவருடைய கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியே தனிச் சிங்களம் என்ற ஆட்சிமொழிக் கொள்கையை ஏற்றுக்கொண்டபோது கட்சியை விட்டு வெளியேறினார். தமிழில் எழுதிய 'இலங்கையில் இஸ்லாம்' 1963இல் வெளிவந்தது. 1973 நவம்பர் 24ஆம் திகதி காலமானார். ஏழு வருடத்துக்குப் பிறகு, பிறந்த மண்ணின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளித்தது.

வரிப்பத்தான்சேனைக்கு இப்போது பல்கலைக்கழகம் எட்டாத தூரமில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடமே முழுப் பல்கலைக்கழகமாகிவிட்டது. 1981இலிருந்து மகாபொல புலமைப்பரிசிலும் இருக்கிறது. ஆனாலும் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ இடம் கிடைத்த பிள்ளையின் வீட்டில் கடிதம் வந்த அன்று இரவு பேசப்படுவது பட்டத்தைப் பற்றியல்ல. போர்டிங் முற்பணம் எவ்வளவு, லெப்டொப் எங்கே வாங்குவது, சிறுபோகம் கை கொடுக்குமா, வாப்பாவின் லோன் எப்போது முடியும் என்பதுதான். கொப்பி வாங்கிக் கொடுத்த இளைஞர் கழகத்து ஆட்களில் ஒருவர் அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கக்கூடும். ஒரு பிள்ளைக்கு நாலு வருடம், மாதா மாதம், இவ்வளவு என்று ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, யார் யாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்று அவர் கூட்டிப் பார்க்கத் தொடங்கலாம்.