அறுபதை ஏன் பத்தாக்க வேண்டும்?

திருவனந்தபுரம் பழவங்காடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சாலை பஜார் பக்கம் மளிகைக் கடை. மகன் பள்ளிக்கூடத்தில் பழகும் லினக்ஸையே கடை லேப்டாப்பிலும் போட்டிருக்கிறார். ரேம் 4 ஜிபி. பில் போடும் மென்பொருளோடு பிரௌசரில் நாலைந்து பக்கங்களையும் திறந்தால் திரையில் அம்பு நகர மறுக்கிறது. “ஸ்வாப்பினெஸ் என்று ஓர் எண் 60-ல் இருக்கிறது. அதை 10 ஆக்கினால் கம்ப்யூட்டர் பறக்கும் என்று பார்க்கிற வீடியோவெல்லாம் சொல்கிறது. ஆக்கலாமா?” என்று கேட்கிறார்.

அவசரப்பட வேண்டாம். அந்த எண்ணைப் பற்றிப் பரவியிருக்கும் விளக்கமே தவறானது. ரேம் 60 சதவீதம் நிரம்பியதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதிலிருப்பதை டிஸ்குக்குத் தள்ளத் தொடங்கும் என்கிறார்கள் சிலர். 40 சதவீதம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே இல்லை. அது சதவீதமே அல்ல.

இந்தக் கேள்வி திருவனந்தபுரத்திலிருந்து வந்ததில் வியப்பில்லை. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்த ஊர் அது. கேரளப் பள்ளிகளின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும் அதே ஆண்டு பிறந்தது. 2017-ல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தயாரித்துத் தருகிறார்கள். 2019-ல் புதிய பதிப்பு வந்தபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் 3000 கோடி ரூபாய் மிச்சம் என்ற கணக்கு செய்திகளில் அடிபட்டது. ஒரு கணினிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் என்று வைத்துப் பெருக்கிய தொகை அது. அந்த விலை கொடுத்து எந்தப் பள்ளிக்கூடமும் மென்பொருள் வாங்கியிருக்காது. நான் மதிக்கும் மிச்சம் வேறு. பழைய கணினி இன்னும் சில ஆண்டு உழைக்கிறது. கெர்னலின் உள்ளே எட்டிப் பார்த்து ஓர் எண்ணை மாற்றிப் பார்க்கும் உரிமை பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் கிடைக்கிறது. வாசகரின் கேள்வியே அந்த உரிமையிலிருந்துதான் வந்திருக்கிறது.

கெர்னல் நினைவகத்தை 4096 பைட் அளவுள்ள பக்கங்களாக வெட்டிக் கையாள்கிறது. 4 ஜிபி ரேமில் பத்து லட்சத்துக்குச் சற்று அதிகமான பக்கங்கள். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு இடம் தாராளமாக இருக்கிறது என்று நம்பிக் கேட்டுக்கொண்டே போகும். கேட்ட பக்கங்களில் எது உண்மையில் ரேமில் இருக்கிறது, எது இல்லை என்ற கணக்கு கெர்னலின் பொறுப்பு. இதுதான் மெய்நிகர் நினைவகம். இடம் தீர்ந்துபோகும்போது எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பதில்தான் வேடிக்கை தொடங்குகிறது.

வாசகரின் கடையையே எடுத்துக்கொள்வோம். ஆ. மாதவன் கடை நடத்திக்கொண்டே கதை எழுதிய அதே கடைத்தெரு. கடைகள் குறுகல், சரக்கு ஏராளம். கடைக்குள் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, மொத்தக் கடையிலிருந்து வந்த மூட்டைகள். இடம் வேண்டுமென்றால் அவற்றை அப்புறப்படுத்திவிடலாம். தேவைப்படும்போது மொத்தக் கடையில் மறுபடி வாங்கலாம். இன்னொன்று, வாடிக்கையாளர்கள் கொடுத்த பட்டியல்படி பாதி கட்டி வைத்த பொட்டலங்கள். அவை உலகில் வேறெங்கும் கிடையாது. அப்புறப்படுத்த வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் கிடங்கில் பத்திரமாக வைத்தாக வேண்டும். கணினியில் முதல் வகை, டிஸ்கில் உள்ள கோப்புகளின் பிரதிகள். மென்பொருள்களின் நிரல் வரிகளும் இதில் அடக்கம். இரண்டாம் வகை, மென்பொருள் ஓடும்போது தானே உண்டாக்கிய தரவு. கிடங்குதான் ஸ்வாப்.

கடையில் ஓர் உதவிப் பையன் இருக்கிறான். கெர்னலில் அவன் பெயர் கேஸ்வாப்டி. காலி இடம் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் எழுந்து ஒதுக்கத் தொடங்குவான். மேல் கோட்டைத் தொட்டதும் படுத்துவிடுவான். அவன் வேகம் போதாமல் இடம் மூன்றாவது, அடிக் கோட்டுக்கும் கீழே போனால், சாமான் வாங்க வந்தவரே மூட்டை தூக்கி இடம் பண்ணிக்கொள்ள வேண்டும். வாசகரின் திரையில் அம்பு நகர மறுக்கிற கணம் பெரும்பாலும் இதுதான்: பிரௌசர் தன் வேலையை விட்டுவிட்டு, தனக்கான இடத்தைத் தானே தேடிக்கொண்டிருக்கிறது.

எதை ஒதுக்குவது என்று பையனுக்கு எப்படித் தெரியும்? தூசியை வைத்து. பழவங்காடி கணபதிக்கு உடைக்கும் தேங்காய்க் குவியலில் கை பட்டுக்கொண்டே இருக்கும்; அதில் தூசி படியாது. ஒரு பக்கத்தைத் தொடும்போதெல்லாம் பிராசஸர் அதன் கணக்கில் ஒரு பிட்டை ஏற்றி வைக்கிறது. கெர்னல் அவ்வப்போது வந்து அந்தப் பிட்டை இறக்கிவிட்டுப் போகிறது. அதாவது தானே தூசி தூவிவிட்டுப் போகிறது. அடுத்த முறை வரும்போதும் தூசி கலையாமல் இருந்தால், அந்தப் பக்கம் வெளியேறத் தயார்.

இதற்கு அடுத்த படிதான் என்னை வெகுவாகக் கவர்ந்தது. யோஹன்னஸ் வைனர் எழுதி, 2014-ல் 3.15 பதிப்பில் லினக்ஸுக்குள் வந்தது. ஒரு மூட்டையை வெளியேற்றும்போது பையன் அது இருந்த இடத்தில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டுகிறான். “இது இத்தனையாவதாக வெளியேறிய மூட்டை” என்ற எண் மட்டும் அதில் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே மூட்டை மறுபடி தேவைப்படுகிறது. பையன் சீட்டைப் பார்க்கிறான்: 5,000. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் எண் 5,300. இடையில் வெளியேறியவை 300. அதாவது, இந்த மூட்டைக்குக் கடையில் இன்னும் 300 மூட்டை இடம் கிடைத்திருந்தால் இது வெளியே போயே இருக்காது. அடிக்கடி கைபடும் சரக்குக்கென்று ஒதுக்கிய அலமாரியில் 300-க்கு மேல் இருக்கிறதென்றால், அங்கே சும்மா கிடப்பது எதுவோ இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே பையன் திரும்பி வந்த மூட்டையை நேராக அந்த அலமாரியில் ஏற்றி, அங்கிருப்பவற்றோடு போட்டி போட வைக்கிறான். ஒரே ஒரு கழித்தல். அதிலிருந்து தன் பிழையின் அளவு எவ்வளவு என்பது கெர்னலுக்குத் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு சிக்கனமாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2020-ல் பொட்டலங்களுக்கும் இதே சீட்டு முறை வந்தது. ஸ்வாப்பினெஸ் எண்ணின் மேல் எல்லை 100-லிருந்து 200 ஆனதும் அதே ஆண்டுதான். எண் சொல்வது இவ்வளவே: பொட்டலங்களைக் கிடங்கிலிருந்து திரும்ப எடுக்கும் செலவும், சரக்கை மொத்தக் கடையிலிருந்து திரும்ப வாங்கும் செலவும் எந்த விகிதத்தில் இருக்கின்றன? 100 என்றால் இரண்டும் சமம். 60 என்றால், ஒதுக்கும் கை பொட்டலங்கள் மீது 60 பங்கும், மூட்டைகள் மீது மீதி 140 பங்கும் விழும். கிடங்கில் பொட்டலங்கள் தாறுமாறாகக் கிடக்கும், தேடி எடுக்க நேரமாகும் என்ற பழைய ஹார்டு டிஸ்க் காலத்து அனுமானம் அது. சீட்டுகள் சொல்லும் உண்மையான அனுபவத்தை வைத்து, இந்த ஆரம்ப விகிதத்தை கெர்னல் தானே மேலும் சரிசெய்துகொள்ளும்.

இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். மொத்தக் கடைக்காரரிடம் வாங்கிய மூட்டை அவரிடம் இருக்காது. டிஸ்கில் உள்ள கோப்போ, ரேமுக்கு வந்த பிறகும் அங்கேயே இருக்கிறது. அதனால்தான் அந்தப் பக்கங்களை எழுதி வைக்காமலே துடைத்துவிட முடிகிறது.

எண்ணைப் பத்தாக்கினால் என்ன ஆகும்? விகிதம் 10-க்கு 190. பொட்டலங்களை ஏறக்குறைய யாரும் தொட மாட்டார்கள். காலையில் திறந்து மறந்துபோன பிரௌசர் பக்கத்தின் தரவு அப்படியே ரேமில் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பதிலாக வெளியேறுவது மூட்டைகள். அவற்றில் பிரௌசரின் நிரல் வரிகளே இருக்கின்றன! துடைத்த வரி அடுத்த நொடியே தேவைப்படும். டிஸ்கிலிருந்து படிக்க வேண்டும். படித்து முடிப்பதற்குள் இன்னொன்று துடைபட்டிருக்கும். ரேமைத் தொட சுமார் 100 நானோ நொடி. எஸ்எஸ்டியில் ஆயிரம் மடங்கு. ஹார்டு டிஸ்கில் லட்சம் மடங்கு. ஸ்வாப்பை முற்றிலும் அணைத்த கணினியும் இப்படி உறையும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். உறைவதற்கு ஸ்வாப் தேவையில்லை.

வரலாறு வேண்டுவோருக்கு: மான்செஸ்டரில் டாம் கில்பர்ன் குழுவின் அட்லஸ் கணினி, பக்கங்களை வெளியே தள்ளித் திரும்ப எடுக்கும் இந்த வேலையை 1962-ல் செய்துவிட்டது. லினக்ஸில் 1991 கிறிஸ்துமஸ் வேளையில் லினஸ் டோர்வால்ட்ஸ் சேர்த்தார். ஜெர்மனியில் ஒருவர் 2 எம்பி ரேமை வைத்துக்கொண்டு கெர்னலைத் தொகுக்க முடியாமல் தவித்ததுதான் காரணம்.

விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 8 ஜிபி ரேம் உள்ள போனை ‘8 + 8’ என்று எழுதி விற்கிறார்கள். இரண்டாவது எட்டு, போனின் சேமிப்பில் ஒதுக்கிய கிடங்கு; ரேம் அல்ல. அதில் எழுத எழுத ஃபிளாஷ் சிப் தேய்வதும் உண்டு. அந்தக் கூட்டல் குறிக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

உண்மையில் பலன் தருவது இசட்-ரேம். கடைக்குள்ளேயே ஒரு பரண்: பொட்டலங்களை அமுக்கிக் கட்டி அங்கே ஏற்றுவது. பக்கத்தைச் சுருக்கி ரேமிலேயே வைப்பதால் டிஸ்க் பக்கமே போக வேண்டாம். இரண்டு மூன்று மடங்கு சுருங்குவது சாதாரணம். கெர்னலில் இசட்-ரேமின் மூலக் கோப்பைத் திறந்தால், தொடக்கத்திலேயே 2008 என்ற ஆண்டுடன் நிதின் குப்தா என்ற பெயர் இருக்கும். கிடங்கு இப்படி வேகமாகிவிட்டால் எண்ணை ஏற்றத்தான் வேண்டும், இறக்கக் கூடாது. கெர்னல் ஆவணமே கணக்குப் போட்டுக் காட்டுகிறது: ஸ்வாப், கோப்பைப் படிப்பதைவிட இரண்டு மடங்கு வேகம் என்றால் 133.

ஆகவே வாசகர் செய்ய வேண்டியது: கடை மும்முரமாக இருக்கும்போது டெர்மினலில் விஎம்ஸ்டாட் கட்டளையைக் கொடுத்து, பக்கத்தில் 1 என்று போடுங்கள். நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியை விட்டுவிடுங்கள். அது கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து வந்த சராசரி. எஸ்ஐ என்ற பத்தி, ஸ்வாப்பிலிருந்து திரும்பி வருவது. அது சுழியமாகவே இருந்தால் ஸ்வாப்பில் எத்தனை எம்பி கிடந்தாலும் கவலையில்லை. எஸ்ஐ சுழியம், ஆனால் டிஸ்கிலிருந்து படிப்பதைக் காட்டும் பிஐ பத்தி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் நிரல் வரிகள் துடைபட்டுத் திரும்புகின்றன என்று சந்தேகிக்கலாம்; அப்போது 10 என்ற மதிப்பு நிலைமையை மோசமாக்கும். எஸ்ஐ நிற்காமல் ஓடினால் முதலில் இசட்-ரேமை நிறுவி, 133 வைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால், ரேமை 8 ஜிபி ஆக்குவதைத் தவிர வேறு வழியில்லை. எண்ணை மாற்றிப் பார்க்கும் வேலையை மகனிடமே கொடுங்கள். கட்டளை மூலம் மாற்றிய மதிப்பு கணினியை அணைத்துத் திறந்தால் பழைய 60-க்கே திரும்பிவிடும்.