ஆணி இல்லை, இன்ஜின் இல்லை... மரக்கப்பல் கோணாமல் போவது எப்படி?

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி கிண்டியில் இறங்கினால், பக்கத்திலேயே சென்னை ஐஐடி. ‘ஐஎன்எஸ்வி கவுண்டின்யா’ கப்பல் தண்ணீரில் எப்படி நடந்துகொள்ளும் என்று மாதிரி வைத்துக் கடற்படை சோதித்தது, இங்குள்ள கடல்சார் பொறியியல் துறையுடன் சேர்ந்துதான்.

5ஆம் நூற்றாண்டு அஜந்தா ஓவியத்தைப் பார்த்து உருவாக்கப்பட்ட கப்பல் இது. பாபு சங்கரன் தலைமையில் கேரளக் கைவினைஞர்கள் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். 2025 டிசம்பர் 29 அன்று போர்பந்தரில் கிளம்பி, பாய் விரித்தே மஸ்கட் போய்ச் சேர்ந்தது.

இரண்டு பக்கமும் ஏன் ஒன்றுபோல இருக்கணும்?

ஒரு பக்கம் கொஞ்சம் புடைத்திருந்தால் படகு ஒரே திசையில் இழுக்கும். அதை நேராக்க சுக்கானைத் திருப்பியே பிடிக்கணும். திருப்பிய சுக்கான் பிரேக் மாதிரி. பாய்க்கப்பலில் வேகம் போகும். இன்ஜின் படகில் எரிபொருள் காசு போகும்.

எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

* முன்முனையிலிருந்து பின்முனை வரை நடுவில் நூல் கட்டுவார்கள். நூலிலிருந்து இடமும் வலமும் ஒரே அளவு வரணும். நூல் நடுவில்தான் இருக்கிறதா என்று தூக்குக்குண்டு சொல்லும்.

* முன்முனையிலிருந்து இரு பக்க விளிம்புகளுக்கும் குறுக்காக அளப்பார்கள். இரண்டும் சமம் இல்லையென்றால், ஒரு பக்கம் முன்னே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம்.

* மெல்லிய ரீப்பர் கட்டையை உடலோடு வளைத்து ஒட்டி வைப்பார்கள். இடைவெளி தெரிந்தால் பள்ளம். ரீப்பர் தூக்கினால் மேடு.

* கடைசியில் கண். தள்ளி நின்று, நீளவாக்கில் ஒற்றைக் கண்ணால் பார்த்தால் டேப்பில் சிக்காத நெளிவு தெரியும்.

தைக்கும் கப்பலில் என்ன சிக்கல்?

வழக்கமான மரப்படகில் விலாச் சட்டங்களை முதலில் நிறுத்தி, அதன்மேல் பலகை அடிப்பார்கள். வடிவத்தைச் சட்டமே பிடித்துக்கொள்ளும். தைக்கும் முறையில் பலகைதான் முதலில், சட்டம் பிறகு. நீராவியில் வளைத்த பலகைகளே வடிவத்தைத் தரணும். அதனால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று ஜோடியாக ஏற்றுவதுதான் பாதுகாப்பு. ஒரே பக்கம் ஏற்றிக்கொண்டே போனால், வளைந்த மரத்தின் இழுவையே கப்பலைக் கோணலாக்கிவிடும்.

ஃபைபர் படகுக்கு இந்தக் கவலை இல்லையா?

இருக்கு. கோவளம், மாமல்லபுரம் கரையில் நிற்கும் ஃபைபர் படகுகள் அச்சில் வார்த்தவை. அச்சுக்கு முன்னால் ஒரு மூல வடிவத்தை யாரோ நூல் பிடித்து, தேய்த்து, சரிபார்த்திருக்கணும். மரத்தில் தப்பு நடந்தால் ஒரு படகு கோணும். அச்சில் நடந்தால், அதில் வார்க்கும் அத்தனையும் கோணும்.